எந்தச் சோதனை?

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய நாளிதழுக்கு யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: "ரெண்டு சோதனை தாண்டித்தான் பிள்ளை சோதனைக்குப் போனவன்."

ஒரே சொல் அடுத்தடுத்து வருகிறதே என்று இரண்டாவது "சோதனை"யை அடித்துத் "தேர்வு" என்று திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். அது நான் செய்த பிழை.

தமிழகத்தில் "சோதனை" என்றால் வருமான வரித் துறையினர் வீடு புகுவது நினைவுக்கு வரும். அல்லது ஒருவருக்கு வந்த துன்பம். மாணவர் எழுதுவது தேர்வு. இலங்கையில் அரசு வழக்கு "பரீட்சை". அதை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். யாழ்ப்பாணத்து வீடுகளிலோ அது "சோதனை"தான். பேச்சில் "சோதினை" என்றும் ஒலிக்கும். பிள்ளை சோதனை எடுக்கும். சோதனை பாஸ் பண்ணும்.

மூன்று சொற்களின் வேரும் வேறு. தேர்வு, தேர்ந்தெடுப்பது. பரீட்சை, சுற்றிலும் நோக்குவது என்னும் வடசொல்லின் வழி வந்தது. சோதனையும் வடசொல்லே, "சோதனம்" என்பதற்குத் தூய்மை செய்தல் என்று பொருள். மாசு உண்டா எனப் பார்ப்பதில் தொடங்கி, ஆராய்தல், துன்புறுத்திப் பார்த்தல் எனப் பொருள் விரிந்தது.

1995 டிசம்பரில் யாழ் நகர் இராணுவத்தின் வசமான பின்னர் தெருக்களில் சோதனைச் சாவடிகள் பெருகின. மக்கள் வாயில் "சாவடி" உதிர்ந்து "சோதனை" மட்டும் நின்றது. உயர்தர மாணவன் சாவடியில் இறங்கி நடந்து தேசிய அடையாள அட்டையைக் காட்டினான். பரீட்சை மண்டபத்திலும் அதே அட்டையைக் காட்டினான். முதல் இடத்தில் தாமதித்தால் இரண்டாவது இடத்தின் கதவு மூடிவிடும். பல்கலைக்கழகக் கனவு முழுவதும் அந்த இடைவெளியில் தொங்கிற்று.

அந்தத் தாய் சொல் வறுமையால் ஒரே சொல்லை இருமுறை எழுதவில்லை. அவர் வாழ்ந்த ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. இரண்டையும் கடந்தால்தான் பிள்ளை வீடு திரும்பினான் என்று பொருள். என் திருத்தம் வரியை அழகாக்கிற்று. அதன் வலியை நீக்கிவிட்டது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. "சோதனை" இன்னும் வழக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில், "மகளுக்குச் சோதனை" என்றால் உடனே இரங்கிவிடாதீர்கள். எந்தச் சோதனை என்று முதலில் கேளுங்கள். படிக்கிற பிள்ளையாக இருந்தால் வாழ்த்துச் சொல்லலாம்.