தழும்பும் பட்டிழையும்

ஆரணித் தறிகளில் பாவிழை அறுவது அன்றாட விஷயம். நெய்பவர் இரு முனைகளையும் விரல் நுனியால் முறுக்கிப் பிணைத்துவிட்டு அடுத்த மிதிக்குப் போய்விடுவார். ஊரார் அனைவருக்கும் அறுந்தது எதுவாயினும் பிணைத்துவிடலாம் என்றொரு நம்பிக்கை இருப்பதற்கு இது காரணமாயிருக்கலாம்.

நாற்பதாண்டுகள் குழித்தறியில் அமர்ந்த எங்கள் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்தபின் ஸ்டென்ட் வைத்தார்கள். பம்பிங் குறைந்துவிட்டது, இனித் தறியில் இறங்க வேண்டாம் என்றார் மருத்துவர். "அடைப்பை எடுத்தாயிற்று. அறுந்ததை எப்போது பிணைப்பார்களாம்?" என்று எங்களைத்தான் கேட்டார். நாங்கள் படிக்கத் தொடங்கியது அதனால்தான்.

பெரிய மாரடைப்பொன்றில் நூறு கோடி அளவுக்கு இதயத் தசைச் செல்கள் மடியக்கூடும். அவ்விடத்தை உடல் கொலாஜன் தழும்பால் நிரப்புகிறது. அதைத் தூண்டுவதில் டிஜிஎஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணிக்குப் பெரும் பங்கு உண்டு. தழும்பைப் பழிப்பது எளிது. அது உருவாகாவிடில் இதயச் சுவரே கிழிந்துவிடலாம். ஆயினும் தழும்பு துடிக்காது. தசைச் செல்கள் புதிதாய்ப் பிறப்பதும் மிகச் சொற்பம். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14ஐக் கொண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009இல் கணக்கிட்டார்கள்: 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. கந்துவட்டிக்காரன் கூட இவ்வளவு மெதுவாய்க் கொடுக்கமாட்டான்.

வளர்ச்சிக் காரணிகளை வெளியிலிருந்து செலுத்தினால் என்ன? இரத்த நாளங்களை முளைக்கச் செய்யும் விஇஜிஎஃப்பை, நெஞ்சுவலி நோயாளிகள் 178 பேரிடம் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். அறுபதாம் நாளில் அது போலி மருந்தை விஞ்சவில்லை. இரத்தத்தில் கலந்த காரணி விரைவில் கரைந்து போகிறது. வேண்டிய இடத்தில் வேண்டிய நாள்வரை தங்குவதில்லை.

தங்கவைக்க ஒரு தாங்கி வேண்டும். அங்கேதான் பட்டு வந்து சேர்கிறது! பட்டின் புரதமான ஃபைப்ராயின், காரணிகளைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கசியவிடும். 2012இல் கரக்பூர் ஐஐடியின் சுபாஸ் குண்டுவும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் ஃபைப்ராயின் சட்டகத்தில் எலியின் இதயச் செல்களை வளர்த்தனர். அவை அதில் துடித்தன. அவர்கள் எடுத்தது டசர் பட்டு. செல்கள் பற்றிக்கொள்ளும் ஓர் அமினோ அமில வரிசை அதில் இயல்பாகவே உண்டு, நம் மல்பெரிப் பட்டில் இல்லை. எங்களுக்கு இதில் சற்றே வருத்தம்தான்.

மனித இதயத்துக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. பெரியப்பாவிடம் அதையும் மறைக்காமல் சொன்னோம். அவர் கேட்டது வேறு: பசையை எடுத்துவிடுகிறார்களா? எடுக்கிறார்கள். செரிசின் என்னும் அந்தப் பசை போகப் பட்டுக்கூட்டைச் சோடா உப்பு நீரில் கொதிக்கவிடுவதுதான் ஆய்வகத்திலும் முதல் வேலை.