எதிர்வீட்டுத் திண்ணை

போன வாரம் மகளின் மேசையில் ஒரு நாவல் கிடந்தது. ஸ்டீபன் சபாஸ்கி எழுதி 1999இல் வெளிவந்த ‘தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃபிளவர்’. சார்லி என்கிற பையன் பெயர் தெரியாத ஒரு ‘நண்பருக்கு’ கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டே போகிறான். அவனுக்கு வயது பதினைந்து. சொல்வதைக் கேட்க யாராவது ஒருவர் இருந்தால் போதும் என்பதுதான் அவனுடைய தவிப்பு. இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். மூடி வைத்தபோது என் விரல்களில் முருங்கைக்கீரை வாசனை வந்தது.

1992ஆம் வருடம். எனக்கும் பதினைந்து வயதுதான். பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு. ஆடி மாதத்தில் எப்போதோ அது தொடங்கியது. இன்னது நடந்தது என்று சுட்டிக் காட்ட அன்றும் ஒன்றுமில்லை, இன்றும் இல்லை. காலையில் கண் விழித்தால் நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்தது போலிருக்கும். தலை பின்னக் கை எழாது. சொதி என்றால் உயிர் எனக்கு. சொதி வைத்த ஞாயிற்றுக்கிழமைகூட இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். ஜங்ஷன் பக்கம் போகிற ரயிலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு அது திமிர். அம்மாவுக்குப் படிக்கச் சோம்பல். “பிள்ளை எங்கயோ பயந்திருக்கா” என்றாள் ஆச்சி. விபூதி போட்டு, மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றைக் கையில் கட்டிவிட்டாள். டாக்டர் ஒருவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். கயிறும் டானிக்கும் அக்கறையில்லாமல் வந்தவை அல்ல. ஆச்சி எனக்காக ஒரு மாதம் செவ்வாய்க்கிழமை தோறும் விரதம் இருந்தாள். ஆனால் எனக்கு வந்ததற்கு எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லை. சொல் இல்லாததை எப்படிச் சொல்ல?

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்று, “ஏட்டி, கொஞ்சம் கீரை உருவித் தாயேன், எனக்குக் கண்ணு மங்குது” என்று கூப்பிட்டார். போனேன். மறுநாளும் கூப்பிட்டார். அவர் வீட்டுத் திண்ணையில் இருவரும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இடது கையால் காம்பின் நுனியைப் பிடித்து, வலதுகை விரல்களைக் கீழ்நோக்கி இழுத்தால் இலை மொத்தமும் உதிரும். பழுத்த இலை, பூச்சி அரித்தது, சின்னச் சின்ன ஈர்க்கு எல்லாம் பொறுக்க வேண்டும். டீச்சர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார்: “ராத்திரி துணியில சுத்தி வச்சா காலையில எல்லாம் தானா உதிர்ந்து கெடக்கும். நான் சுத்தி வைக்கது இல்ல. நீ வருதியே, அதுக்குத்தான்.”

என்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்று அந்த நாலு மாதத்தில் எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒருநாள் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கையில் வைத்தார். வண்ணநிலவன் எழுதிய ‘ரெயினீஸ் ஐயர் தெரு’. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸின் பெயரைத் தாங்கிய தெரு அது. எங்கள் பக்கத்தில் பாதிரியாரையும் ஐயர் என்றுதான் சொல்வோம். நாவலில் கதாநாயகன் என்று யாரும் கிடையாது. தெருவும் வீடுகளும் மழையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிற மனிதர்களும்தான். அவர்களின் துக்கத்துக்கு யாரும் திமிர் என்று பெயர் வைக்கவில்லை. நான் நடந்து போகிற ஊரில், எனக்குத் தெரிந்த பேச்சில், மனசுக்குள் அழுகிற ஆட்கள் இருந்தார்கள். அந்தப் புத்தகம் என்னைக் குணப்படுத்தியது என்று சொன்னால் பொய். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று காட்டியது, அவ்வளவுதான். அன்றைக்கு அது பெரிது.

நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. மலையில் கொட்டிய மழையில் அணைகள் நிரம்பி, ஆறு கரை மீறி வயலிலும் தெருவிலும் ஏறியது. குறுக்குத்துறை முருகன் கோயிலை முழுக்கத் தண்ணீர் மூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் ஓடினார்கள். பள்ளிக்கூடம் லீவு. கரண்ட் இல்லை. டீச்சர் வீட்டில் சிம்னி விளக்கு எரிந்தது. எதிரில் இருப்பவர் முகம் பாதிதான் தெரியும். அந்தப் பாதி இருட்டில் எனக்கு வாய் திறந்தது.

“டீச்சர், எனக்கு எதுவுமே வேண்டாம்னு இருக்கு.”

அவர் பதறவில்லை. விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டு, “எனக்கும் ஒரு வருசம் அப்படி இருந்துச்சு தாயி” என்றார். “இது வியாதி. உன் குத்தம் இல்ல. வைத்தியம் இருக்கு.”

வெள்ளம் வடிந்த பிறகு அவரே அம்மாவிடம் பேசினார். “ஊர்ல என்ன சொல்லுவாங்க டீச்சர்?” என்று அம்மா அழுதாள். “ஊரு கெடக்கட்டும், பிள்ளை வேணும்லா” என்றார் டீச்சர். மூன்று பேருமாக ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தைப்பொங்கலுக்கு நான் மூன்று தோசை தின்றதை ஆச்சி தெரு முழுக்கச் சொன்னாள்.

மனநலச் சிக்கல்களில் பாதி பதினெட்டு வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பிற்பாடு படித்தேன். அந்த வயதுப் பிள்ளைக்குத் தமிழில் நாம் என்ன கொடுத்து வைத்திருக்கிறோம்? சிறுவர் கதை முடிந்த இடத்திலிருந்து நேரே பெரியவர்கள் நாவலுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. என் மகள் தன் துயரத்தை ஓர் அமெரிக்கப் பையன் வழியாகப் படிக்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ சேரன்மகாதேவியிலோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு, அவள் பேசுகிற பேச்சில் ஒரு நாவல் வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அதுவரை, உங்கள் வீட்டிலோ எதிர்வீட்டிலோ ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் பெயர் வைக்காதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண் இருக்கிறது: 14416. கட்டணம் கிடையாது. இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.