மெங்குவாங் பையும் லிங்கியு காடும்

இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்களின் வீடுகளில் அலமாரியும் பெட்டியும் செய்யும் வேலையைப் பெரும்பாலும் பைகளே செய்தன. நடு ஆசியாவின் துர்க்மேனியர் தங்கள் கூடாரங்களின் உட்சுவரில் தொங்கவிட்ட சுவால் எனும் பெரிய பையில் துணிமணிகளையும், அதைவிட உயரம் குறைந்த தொர்பா எனும் பையில் சிறுபொருள்களையும் வைத்திருந்தனர். பார்வையில் படும் முன்பக்கத்தைக் கம்பளி முடிச்சுகளால் நெருக்கமாக நிரப்பிய பெண்கள், சுவரோடு ஒட்டி மறைந்துவிடும் பின்பக்கத்தைப் பெரும்பாலும் வெறும் நெசவாகவே விட்டனர். இத்தகைய பைகளும் விரிப்புகளும் அடங்கிய துர்க்மேன் கம்பளக் கலையை யுனெஸ்கோ 2019இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. செம்மறி மேயும் புல்வெளியும் கம்பளி வேண்டும் குளிரும் தென் மலேசிய மாநிலமான ஜொகூரில் இல்லை. ஆயினும் சுமந்து செல்ல வேண்டியதைப் பையிலிட்டு, அந்தப் பையின் பரப்பிலேயே கோலமும் காட்டும் வழக்கம் இங்கும் உண்டு. இங்கு அதற்கான மூலப்பொருள் தாழை ஓலை.

மலேசியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் நெகிரித்தோ, செனோய், மெலாயு புரோத்தோ என மூன்று பெரும் பிரிவுகளாகவும், அவற்றுள் பதினெட்டுக் குழுக்களாகவும் வகுக்கப்படுகின்றனர். ஜொகூரின் உள்நாட்டுக் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் வாழும் ஜாகுன் மக்கள் மூன்றாவது பிரிவைச் சேர்ந்தவர்கள். காட்டுப் பொருள் சேகரித்தும், மீன் பிடித்தும், புனம் திருத்தியும் வாழ்ந்த இவர்களுக்குச் சுமைக்கலம் இன்றியமையாதது. முதுகில் மாட்டிக்கொள்ளும் உயரமான பிரம்புக் கூடையை அம்புங் என்பர். பாய், உறை, பை ஆகியவை மெங்குவாங் எனப்படும் காட்டுத் தாழையின் ஓலையால் முடையப்படுகின்றன. மெங்குவாங் தமிழ்நாட்டின் கடற்கரைத் தாழைக்கு உறவு. ஆனால் சதுப்பு நிலத்தில் வளர்வது, ஓலையும் மிக நீளமானது. வெற்றிலை, புகையிலை வைக்கும் சிறு முடைபையைப் புஜாம் என்ற பெயரால் தீபகற்பத்தின் தென்பகுதி மக்கள் அறிவர். வெற்றிலைப் பையைச் சுருக்குக் கயிற்றோடு இடுப்பில் செருகும் வழக்கமுள்ள தமிழருக்கு அதன் பயனை விளக்கத் தேவையில்லை.

முடைவதைவிட ஓலையைப் பக்குவப்படுத்துவதே பெரிய வேலை. மெங்குவாங் ஓலையின் இரு ஓரங்களிலும் நடு நரம்பின் அடிப்புறத்திலும் வளைந்த முள் வரிசை உண்டு. பாராங் கத்தியால் அறுத்த ஓலையின் முள்ளை நீக்கி, தணலில் வாட்டி, விறைப்பு போனபின் ஜங்கா என்ற கருவியால் கிழிக்கின்றனர். கைக்கடக்கமான மரக்கட்டையில் சம இடைவெளியில் பற்களைப் போலப் பதித்த கூர்முனைகளே ஜங்கா. ஓலையை அதன்மீது அழுத்தி இழுக்கும்போது ஒரே அகலமுள்ள கீற்றுகள் ஒருசேரக் கிடைக்கின்றன. பையின் நேர்த்தி பெருமளவும் இந்த ஒரே இழுப்பில் தீர்மானமாகிவிடுகிறது. கீற்றின் அகலம் ஓரிடத்தில் மயிரிழை அளவு கூடினாலும், முடைவு முன்னேற முன்னேற அந்த வேறுபாடு சேர்ந்து கோலம் சாய்ந்துவிடும். அடுத்து, பெலுருட் எனும் மூங்கில் பட்டையால் கீற்றுகளை மீண்டும் மீண்டும் உருவி மென்மையாக்குகின்றனர். பின்னர் பச்சை நீங்கும்வரை சில நாட்கள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, வெயிலில் உலர்த்துகின்றனர். அப்போது ஓலை வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வருகிறது. நிறம் வேண்டிய கீற்றுகளைச் சாயநீரில் கொதிக்கவைத்து மறுபடியும் உலர்த்த வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஓலையில் பூஞ்சைக் கறை விழும். ஜொகூரின் கிழக்குக் கரையில் ஆண்டிறுதியில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று இத்தொழிலுக்கு இடையூறான காலம்.

பை அடியிலிருந்தே எழுகிறது. தரையில் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, முழங்காலால் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டு, சிறு சதுரமாகவோ நீள்சதுரமாகவோ அடித்தளத்தை முடிக்கும் பெண், அதன் விளிம்பில் இரு திசைக் கீற்றுகளையும் ஒன்றோடொன்று குறுக்கிட வைத்து மூலையை நிமிர்த்துகிறார். அந்தக் கணத்தில் பாய் பையாகிறது. அதற்குப்பின் கீற்றுகள் சுவரில் சாய்வாக ஏறிச் சுற்றிவருவதால் பக்கங்களிலோ அடியிலோ தையல் என்பதே இல்லை. வாய்ப்பகுதியில் மிஞ்சும் நுனிகளை மடித்து, ஏற்கெனவே முடைந்த வரிசைகளுக்குள் செருகி மறைத்துவிடுகின்றனர்.

இந்தப் பரப்பில் கோலம் போடும் முறையைக் கெலாராய் என்பர். ஒரு கீற்று மேலே, ஒரு கீற்று கீழே என்பது எளிய முடைவு; அதில் சதுரங்கக் கட்டம் தவிர வேறு எதுவும் தோன்றாது. இரண்டைத் தாண்டு, இரண்டினடியில் நுழை, அடுத்த வரிசையில் ஒரு கீற்று தள்ளித் தொடங்கு என்று மாற்றினால் சாய்கோடு பிறக்கிறது. தாண்டும் எண்ணிக்கையை நடுவில் மூன்றாக்கித் திருப்பினால் அந்தச் சாய்கோடு மடங்கிக் கூர்முனையாகிறது. எல்லா வடிவங்களும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்குவன. பெண்கள் வரைபடம் ஏதும் முன்னால் வைத்துக்கொள்வதில்லை; வாய்க்குள் எண்ணுவதும் இல்லை; விரல் நுனி கீற்றுகளைத் தூக்கும் ஒழுங்கே கணக்கைக் காக்கிறது. ஒரு தாண்டல் தவறினால் அது அப்போதே கண்ணில் படுவதில்லை. சில வரிசைகள் கழித்துக் கூர்முனை கூடாமல் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. அதுவரை முடைந்ததைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. தரையில் புள்ளி வைத்துக் கோலமிடுபவருக்கு இந்தச் சங்கடம் பழக்கமானதே.

வடிவங்களுக்கு மலாய் வழக்கில் வழங்கும் பெயர்கள் சுற்றுப்புறத்திலிருந்து வந்தவை: மகிழம்பூ, மூங்கில் குருத்து, நொய்யரிசி, வௌவாலின் முழங்கை. கடைசியாகச் சொன்ன சிக்கு கெலுவாங் என்பது, வௌவால் சிறகை மடித்துத் தொங்கும்போது தெரியும் கோணத்தை ஒத்து மடங்கி மடங்கிச் செல்லும் கோடு. தமிழர் பலர் வாழும் குளுவாங் நகரின் பெயரும் அதே பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. துர்க்மேன் முடிச்சில் ஒவ்வொரு முடிச்சும் தனித்தனி நிறம் ஏற்கும் என்பதால் வளைந்த கோடும் ஓரளவு சாத்தியம். ஓலையில் அது இயலாது. நிறமுள்ள கீற்று தொடக்கம் முதல் முடிவுவரை தன் நிறத்தோடு ஓடியாக வேண்டும். தேவையில்லாத இடத்தில் அதை மறைக்கலாம், நீக்க முடியாது. கெலாராய் வடிவங்கள் கோணங்களாலேயே ஆனவை என்பதற்குக் காரணம் அழகுணர்ச்சியைவிட இந்தக் கட்டுப்பாடே எனலாம். இன்று பெரும்பாலும் கடைச் சாயப்பொடியே பயன்படுகிறது. அதன் கடும் ஊதாவையும் பச்சையையும் குறைகூறும் சேகரிப்பாளர்கள் உண்டு. சாயம் ஏற்றாத வெளிறிய ஓலையில் முடைந்த பையில்தான் கெலாராயின் நுட்பம் கூடுதலாகத் தெரிகிறது என்பது உண்மையே. ஆனால் பளிச்சென்ற நிறத்தை விரும்பி வாங்குபவர்கள் இருக்கும்போது முடைபவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

இத்தொழிலின் தளர்ச்சிக்கு இளைஞரின் ஆர்வக்குறைவைக் காரணம் காட்டுவது எளிது. ஜொகூரின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூருக்கு நீர் வழங்குவதற்காக லிங்கியு ஆற்றில் அணை கட்டப்பட்டபோது, அப்பள்ளத்தாக்கில் சுமார் 53,000 ஏக்கர் காடு ஜாகுன் மக்களின் கையைவிட்டுப் போனது. காட்டின் பயன் இழப்புக்காக ஜொகூர் அரசுக்குச் சிங்கப்பூர் 32 கோடி ரிங்கிட் வழங்கியது. 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டமோ பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் ஈடு பேசுகிறதேயன்றி, சதுப்பில் தானாக முளைத்த தாழையையும் கொடியாகப் படர்ந்த பிரம்பையும் கணக்கில் கொள்வதில்லை. ஜாகுன் மக்கள் 52 பேர் வழக்குத் தொடுத்தனர். அடோங் வழக்கு என்று அறியப்படும் அதில் உயர்நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மரபுரிமை நிலம், நடமாடும் சுதந்திரம், வருங்கால வாழ்வு ஆகியவற்றோடு காட்டு விளைபொருளின் இழப்பையும் தனியாகக் குறிப்பிட்டு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் ஈடு வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூலப்பொருள் போனால் தொழில் போகும் என்ற எளிய உண்மை, கைத்தொழில் வளர்ச்சித் திட்டங்களைவிட அத்தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது.

காடு அருகில் எஞ்சியுள்ள இடத்தைக் காண விரும்புவோர், கஹாங் நகரிலிருந்து செம்பனைத் தோட்டங்களைக் கடந்து 50 கிலோமீட்டருக்கு மேல் சென்று, எண்டாவ் ஆற்றங்கரையிலுள்ள பேத்தா கிராமத்தை அடைய வேண்டும். எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர் வாயில்களுள் இது ஒன்று. வழிகாட்டிகள் பலரும் இக்கிராமத்து ஜாகுன் மக்கள்தாம். இத்தகைய கிராமங்களில் ஓலைக்குப் பதிலாகப் பெட்டி கட்டும் நெகிழிப் பட்டையால் கூடை முடையும் பழக்கமும் பரவியுள்ளது. தமிழ்க் குடும்பங்களின் ஒயர்கூடையைப் போலவே அது கெட்டியானது, கழுவக்கூடியது, முள் இல்லாதது. அதே கைகள், அதே கெலாராய்க் கணக்கு. ஆகவே அதைச் சீரழிவு என்று தள்ளிவிடுவது சரியன்று. எனினும் தாழைச் சதுப்பைப் பேணும் தேவை நெகிழிப் பட்டைக்கு இல்லை, அதுதான் இழப்பு.

செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டானுக்கு நகரச் சந்தை வாய்த்ததால் காரைக்குடிப் பகுதிப் பெண்கள் அத்தொழிலுக்குத் திரும்பினர்; பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. பனை அங்கே நிற்கிறது என்பதே இந்த மீட்சிக்கு முதல் துணை. ஜொகூரில் மெங்குவாங் பை வாங்கும் வாசகர், பையைக் கவிழ்த்து அடிமூலையைப் பார்க்கட்டும்: தையல் இருந்தால் அது பாயை வெட்டித் தைத்த பை, கீற்றுகள் குறுக்கிட்டு ஏறியிருந்தால் அடியிலிருந்தே முடைந்து எழுப்பியது. இரண்டாவது வகைக்குக் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பதும், கோலாலம்பூரில் தன்னார்வலர் நடத்தும் கெராய் ஓஏ போல விற்ற பணத்தை முடைந்தவரிடமே சேர்க்கும் இடங்களில் வாங்குவதும் இத்தொழிலுக்கு வெளியார் செய்யக்கூடிய உதவி.