அப்பாவோட புல்லட் டேங்க்கும் ஆக்ஸிமீட்டர் காட்டின 98-ம்

ஒரு டாக்டர் பெட்ரோல் டேங்க் கழுவின கதையை எதுக்கு எழுதறார்னு கேட்பீங்க. அன்னைக்கு என் மனைவி கதவைத் திறக்காம இருந்திருந்தா இதை எழுத நான் இருந்திருப்பேனான்னு தெரியாது, அதனாலதான். த்ரெட் கொஞ்சம் நீளம். பழைய பைக் வெச்சிருக்கிறவங்களும் வீட்ல பெயின்ட் ரிமூவர் டின் வெச்சிருக்கிறவங்களும் பொறுமையா படிங்க.

வண்டி அப்பாவோடது. 1994 மாடல் புல்லட். அப்பா போனதுக்கு அப்புறம் ரெண்டு மழைக்காலம் சேலத்து வீட்ல, பாதி டேங்க் பெட்ரோலோட சும்மாவே நின்னுச்சு. எனக்கு ஏற்காடு பக்கம் போஸ்டிங் வந்ததும் சர்வீஸ் பண்ணி மேல கொண்டு வந்துட்டேன்.

அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி டியூட்டிக்காக அடிவாரத்துல இருந்து ஏறிட்டு இருந்தேன். அந்த ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. 14-வது வளைவுல வண்டி நின்னுபோச்சு. பனி, ஹெட்லைட் வெளிச்சத்துல பத்தடி கூடத் தெரியல. கிக்கரை உதைச்சு உதைச்சு கால் வலி கண்டதுதான் மிச்சம். அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தானா ஸ்டார்ட் ஆச்சு. 17-ல மறுபடியும் நின்னுச்சு, மறுபடியும் அஞ்சு நிமிஷம். உங்க வண்டியும் இப்படி நின்னு நின்னு போனா கார்புரேட்டரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க.

நான் பார்த்தப்போ உள்ளே பாலாடை மாதிரி ஒரு சவ்வு உரிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. அப்பா காலத்துல யாரோ ஒரு மெக்கானிக் துருவுக்கு மேலேயே எபாக்சி லைனிங் ஊத்தி விட்டிருக்கார். அதுல ஒரு துண்டு பெட்ரோல் டேப் வாயில போய் ஒட்டிக்கும், இன்ஜின் நிக்கும். உறிஞ்சற இழுப்பு நின்னதும் துண்டு விலகும், வண்டி ஓடும். சர்க்கரை நோயாளியோட கால் புண்ணுல சீழை எடுக்காம மேலே கட்டு போட்டு அனுப்பினா என்ன ஆகும்? கட்டு வெள்ளையாத்தான் இருக்கும். உள்ளே அழுகிட்டே இருக்கும். டேங்க்லயும் அதேதான்.

மலையில இது சீக்கிரம் நடக்குது. பாதி காலியா இருக்கிற டேங்க்குக்குள்ள ஈரக்காத்து இருக்கும், ராத்திரி குளிர்ல அது தண்ணியா வேர்க்கும். இப்போ பெட்ரோல்ல எத்தனால் வேற கலக்கறாங்க. 2022-ல நாடு முழுக்க 10 சதவீதத்தை எட்டியாச்சு, 2025-ல 20. எத்தனால் தண்ணியை இழுத்து வெச்சுக்கும், அளவு மீறினா தண்ணியோட சேர்ந்து பிரிஞ்சு அடியில போய்த் தங்கும். பழைய லைனிங் எல்லாமே எத்தனாலைத் தாங்கறதும் இல்ல.

லைனிங்கை எடுத்துடலாம்னு முடிவு பண்ணினேன். சேலத்துல பெயின்ட் ரிமூவர் ஒரு டின் வாங்கினேன். லேபிள்ல டைகுளோரோமீத்தேன்னு போட்டிருந்துச்சு. படிச்சேன். படிச்சுட்டும் செஞ்சேன், அதுதான் இதுல வெட்கக்கேடு.

நவம்பர் மாசம், வெளியே சாரல். குவார்ட்டர்ஸ்ல பின்பக்கம் இருக்கிற ஸ்டோர் ரூம்ல டேங்க்கைத் தரையில வெச்சு, ஈரம் வரக்கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு, குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். டைகுளோரோமீத்தேன் ஆவி காத்தை விடக் கனம், அதனால தரையை ஒட்டித்தான் தேங்கும். சரியா அங்கதான் என் மூக்கு இருந்துச்சு. அரை மணி நேரம் இருக்கும். லைனிங் சுருங்கி உரியறதைப் பார்க்க ஒரே குஷி. லேசா தலை பாரம், மத்தியானம் சாப்பிடாததுனாலன்னு நினைச்சுக்கிட்டேன். கதவு திறந்துச்சு. "என்னங்க, பத்து நிமிஷமா கூப்பிடறேன், காதுல விழலையா?"ன்னாங்க. விழல. எழுந்திரிக்கப் பார்த்தேன், சுவரைப் பிடிச்சாத்தான் முடிஞ்சுது.

வெளியே வந்து திண்ணையில உட்கார்ந்து பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரல்ல மாட்டினேன். 98 காட்டுச்சு. ஒரு நிமிஷம் நிம்மதி. அப்புறம்தான் எம்.பி.பி.எஸ். படிச்சது ஞாபகம் வந்துச்சு. இந்தத் திரவம் உடம்புக்குள்ள போனதும் கல்லீரல் அதைக் கார்பன் மோனாக்சைடா மாத்தும். வெளியே வந்து நல்ல காத்தை சுவாசிச்சாலும், உள்ளே சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டே இருக்கும், ரத்தத்துல அளவு பல மணி நேரம் ஏறலாம். கார்பன் மோனாக்சைடு ஒட்டின ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஒட்டினதும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு ஒண்ணு போலத்தான் தெரியும். மூச்சு விடற கடைசி நேரம் வரைக்கும் அது 98 காட்டலாம்.

இதை மட்டும் பைக் இல்லாதவங்களும் மனசுல வெச்சுக்கங்க. மலைக்கு டூர் வந்து குளிருக்கு அடுப்புக்கரியை ரூமுக்குள்ள மூட்டி வெச்சுட்டுத் தூங்கறவங்க, ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல கேஸ் கீசர் வெச்சிருக்கிறவங்க, உங்களுக்கும் இதே வாயுதான். தலைவலி, குமட்டல், மயக்கம் மாதிரி இருந்தா ஆக்ஸிமீட்டரை நம்பாதீங்க. உடனே வெளியே வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.

அன்னைக்கு நானே நோயாளியா போய் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுப் படுத்தேன். கூட வேலை பார்க்கிற டாக்டர் என்னன்னு கேட்டார், சொன்னேன். சிரிக்கலை. ராத்திரி முழுக்க கண்காணிப்புல வெச்சுட்டார். அமெரிக்காவுல இந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விக்கறதை 2019-லயே தடை பண்ணிட்டாங்க. அதுக்கு முன்னாடி குளியல் தொட்டியில பெயின்ட் உரிக்கற வேலைக்குப் போனவங்க பலர் தொட்டிக்குள்ளயே செத்திருக்காங்க.

டேங்க் ஜனவரி வரைக்கும் அப்படியே கிடந்துச்சு. மழை விட்டு வெயில் வந்ததும் வாசல்ல, திறந்தவெளியில, கையுறையோட மறுபடி ஆரம்பிச்சேன். இந்தத் தடவை அசிட்டோன். நல்லாத் தீப்பிடிக்கும், பக்கத்துல அடுப்பும் பீடியும் கூடாது. லைனிங் ஏற்கெனவே பாதி விட்டுப்போனதுனால ரெண்டு நாள் ஊறினதுல மிச்சமும் தளர்ந்துச்சு. மூடி வழியா நீள ஃபோர்செப்ஸ் விட்டுத் துண்டு துண்டா எடுத்தேன். ஹவுஸ் சர்ஜன் காலத்துல காசு குடுத்து வாங்கினது, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் உபயோகம்.

அப்புறம் டேங்க்குக்குள்ள 30 நட்டு எண்ணிப் போட்டு, பழைய கம்பளியில சுத்தி, ஒரு மணி நேரம் தொட்டில் ஆட்டற மாதிரி ஆட்டினேன். எண்ணிப் போடணும், ஆபரேஷன்ல பஞ்சு எண்ணற மாதிரி. கொட்டினப்போ 29 வந்துச்சு. ஃபிரேம் உட்கார நடுவுல மேடு இருக்கில்ல, அதுக்குப் பின்னால ஒண்ணு போய் மாட்டிக்கிச்சு. அதை வெளிய எடுக்க முக்கால் மணி நேரம்.

துருவுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். சுமார் 14 லிட்டர் டேங்க்குக்கு ஒரு கிலோ, வெந்நீர்ல கரைச்சு நிரப்பி ஒரு நாள் வெச்சேன். வாயு வரும், மூடியை இறுக்காதீங்க. பாத்ரூம் ஆசிட் ஊத்தினா சீக்கிரம் ஆகும்னு சொல்வாங்க. ஆகும், ஆனா நல்ல இரும்பையும் தின்னும். அந்த ஆசிட்டை ப்ளீச்சிங் பவுடரோட கலந்து குளோரின் வாயு ஏறி வந்தவங்களுக்கு நான் ராத்திரி நேரத்துல நெபுலைசர் வெச்சிருக்கேன்.

ஆசிட்டைக் கொட்டினதும் சோடா உப்புத் தண்ணியில ஒரு தடவை, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசினேன். அதுக்கப்புறம் வேகம்தான் முக்கியம். சுத்தமான இரும்பு ஈரக்காத்துல நிமிஷக் கணக்குல பழுப்பு கட்டும். மனைவியோட ஹேர் டிரையரால காய வெச்சு (உள்ளே அசிட்டோனோ பெட்ரோலோ துளி இருந்தாலும் இதைச் செய்யக்கூடாது), உடனே 2டி ஆயில் கலந்த பெட்ரோலை விட்டுச் சுழட்டினேன். புது லைனிங் போடல. ஓட்டை இல்லாத டேங்க்குக்கு அது தேவையும் இல்ல. ஒரு ஃபில்டர் போட்டிருக்கேன், டேங்க்கை எப்பவும் நிரப்பியே வெக்கறேன்.

மிஞ்சின அசிட்டோனைப் பக்கத்து வீட்டுத் தம்பி உதவி பண்றேன்னு வாட்டர் பாட்டில்ல ஊத்தி ஜன்னல்ல வெச்சுட்டான். பார்த்ததும் கத்திட்டேன், பாவம். ஆனா மண்ணெண்ணெயைத் தண்ணின்னு குடிச்ச குழந்தைகளைப் பார்த்தவனுக்கு வேற எப்படி வரும்? அப்படி நடந்தா வாந்தி எடுக்க வெக்காதீங்க. உப்புத்தண்ணி, பால், முட்டை எதுவும் வேண்டாம். குடல்ல இருக்கிறதை விட நுரையீரலுக்குள்ள போறதுதான் ஆபத்து. பாட்டிலையும் எடுத்துக்கிட்டுக் குழந்தையோட உடனே வாங்க. ட்யூப்ல வாய் வெச்சு பெட்ரோல் உறிஞ்சற பெரியவங்களுக்கும் அதே நுரையீரல்தான்.

டேங்க் மேல அப்பா காலத்துத் தங்கக் கோடு, கையால இழுத்தது, ரிமூவர் சிந்தி ரெண்டு அங்குலம் போயிடுச்சு. பெயின்டர் ஒருத்தர் 300 ரூபாய்க்குச் சரி பண்ணித் தர்றேன்னார். அம்மாகிட்ட கேட்டேன். "இருக்கட்டும்டா"ன்னாங்க.