உச்சியிலும் அடியிலும் பிள்ளையார்: திருச்சிராமலை வலம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், மணப்பாறையைக் கடந்ததும் வருகிறது வையம்பட்டி. வானம் பார்த்த பூமி அது. மழை பெய்தால் விளைச்சல்; பொய்த்தால் காத்திருப்பு. இப்பகுதி மக்களுக்குக் காவிரி என்பது தினமும் காணும் காட்சியன்று. பயணம் செய்து கண்டு, கைகூப்பி வணங்கும் தெய்வம். அந்தக் காவிரியையும், அதன் கரையில் உயர்ந்து நிற்கும் மலைக்கோட்டையையும் ஒருசேரத் தரிசிக்க, பௌர்ணமி நாள்களில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு கடந்து வருகின்றன வையம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்கள். பேருந்திலோ ரயிலிலோ பிற்பகலில் திருச்சி வந்து, மலையேறி உச்சிப் பிள்ளையாரை வணங்கி, இறங்கிவந்து, நிலவொளியில் மலையை வலம் வந்து ஊர் திரும்புவது அவர்களின் வழக்கம்.

அப்படி வரும் குடும்பங்கள் பலவற்றில் பேரனும் பேத்தியும் இருப்பார்கள். மூட்டுவலியோடு பாட்டியும் இருப்பார். நானூறுக்கும் மேற்பட்ட படிகள் அவர்முன் உயர்ந்து நிற்கும். இளமையில் ஒரே மூச்சில் ஏறிய படிகள்தாம். இப்போது கால்கள் இசைவதில்லை. ‘இத்தனை தூரம் வந்தும் உச்சிப் பிள்ளையாரைக் காண முடியவில்லையே’ என்ற ஏக்கம் அவர் முகத்தில் தெரியும். அந்த ஏக்கத்துக்கு இந்த மலையே விடை வைத்திருக்கிறது. அதை அறிய, அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறிப் பார்க்க வேண்டும்.

மாணிக்க விநாயகர் சந்நிதி

மலைக்கோட்டையின் தெற்கு வாயிலில் நுழைந்ததும் அடிவாரத்தில் அருள்பாலிக்கிறார் மாணிக்க விநாயகர். மலையேறுவோர் அனைவரும் முதலில் வணங்குவது இவரைத்தான். விநாயகர் சதுர்த்தி நாளில் 150 கிலோ எடையில் கொழுக்கட்டை செய்து, அதை இரண்டு சம பங்காக்கி, 75 கிலோ உச்சிப் பிள்ளையாருக்கும் 75 கிலோ மாணிக்க விநாயகருக்கும் நிவேதனம் செய்வது இத்திருக்கோயிலின் மரபு. உச்சியில் இருப்பவருக்கு ஒரு பிடி கூடுதலும் இல்லை. அடியில் இருப்பவருக்கு ஒரு பிடி குறைவும் இல்லை.

இங்கிருந்து தொடங்கும் படிக்கட்டு, பாறையை ஊடறுத்து, மேற்கூரையோடு குகைவழிபோல் செல்கிறது. இருமருங்கும் கற்சுவர்கள். வெயில் இறங்காததால் கால்களுக்குக் குளிர்ச்சி. ஆயினும், விழா நாள்களில் இப்படிகளில் பொறுமை மிகவும் வேண்டும். 1849-ஆம் ஆண்டு பிள்ளையார் விழா ஒன்றின்போது நெரிசலில் ஏறக்குறைய 250 பேர் உயிரிழந்த துயரம் இங்கு நிகழ்ந்தது. முதியோரும் சிறுவர்களும் கூட்டம் குறைந்த நாளில், நின்று நின்று ஏறுவதே நல்லது.

தாயாகி வந்த தந்தை

பாதி மலை ஏறியதும் தாயுமானவர் திருக்கோயில். காவிரித் தென்கரைத் தலங்களில் 6-ஆவது தலம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பதிகம் பாடிய திருத்தலம். இறைவன் பெரிய இலிங்கத் திருமேனியராக மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார். அம்பிகையின் திருநாமம் மட்டுவார் குழலம்மை.

சிவபெருமானுக்குத் ‘தாயுமானவர்’ என்ற திருப்பெயர் வந்த வரலாற்றை அறியாத திருச்சிராப்பள்ளிக் குடும்பம் இராது. இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் நிறைமாதக் கர்ப்பிணியாக இங்கு வாழ்ந்தாள். பேறுகாலத்துக்கு உதவப் புறப்பட்ட தாயை, காவிரியில் பெருகிய வெள்ளம் அக்கரையிலேயே தடுத்து நிறுத்தியது. மகளுக்கு இங்கே வலி கண்டுவிட்டது. தாய்க்கு அங்கே ஆற்றைக் கடக்க வழியில்லை. அப்போது அந்தத் தாயின் உருவிலேயே சிவபெருமான் வந்து, பிரசவம் பார்த்து, தாயையும் சேயையும் பேணிக் காத்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது, வீட்டில் இன்னொரு தாய் இருக்கக் கண்டு இருவரும் திகைத்தனர். வந்திருந்தவர் மறைந்து, தாம் யாரென்று உணர்த்தினார் என்பது தல வரலாறு. சித்திரைப் பெருவிழாவில் இந்நிகழ்ச்சி ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்ற பெயரில் நடைபெறுகிறது. சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்வது இங்குள்ள பிரார்த்தனை.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கருத வேண்டும். இரத்தினாவதி மலையேறி வரவில்லை. வரும் நிலையிலும் இல்லை. அவள் தாயாலும் ஆற்றைக் கடக்க இயலவில்லை. வர இயலாதவர்களைத் தேடி இறைவனே படியிறங்கி வந்தார். இத்தலத்தின் பெருமையே அதுதான்.

இறைவன் மேற்கு நோக்கியதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிவபெருமானுக்குச் சாத்துவதற்காகச் சாரமா முனிவர் செவ்வந்தி நந்தவனம் அமைத்திருந்தார். அம்மலர்களைக் களவாடி ஒருவன் உறையூர் மன்னனிடம் சேர்த்துவந்தான். முனிவர் முறையிட்டும் மன்னன் செவிசாய்க்கவில்லை. கிழக்கு நோக்கியிருந்த இறைவன், மேற்கேயுள்ள உறையூரை நோக்கித் திரும்பினார்; மண்மாரி பொழிந்து அந்நகர் அழிந்தது என்கிறது புராணம். கொடிமரம் இன்றும் சந்நிதிக்குப் பின்புறமே இருப்பதைப் பக்தர்கள் காணலாம்.

இத்தலத்து இறைவனின் பெயரையே தாங்கியவர் தாயுமான சுவாமிகள். நாயக்கர் ஆட்சிக் காலத்தில் திருச்சிராப்பள்ளியில் அரசுப் பணியாற்றிய அவர், இங்கே மௌனகுருவைக் கண்டு அடைக்கலமானார். அரண்மனைக் கணக்கைவிட ஆன்மக் கணக்கே பெரிதென்று அவர் தெளிந்த இடம் இந்த மலை.

இறைவன் காண விரும்பிய காட்சி

தாயுமானவர் சந்நிதியைக் கடந்து மேலேறும் வழியில் பல்லவர் குடைவரை இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அவனுடைய விருதுப்பெயரால் ‘இலளிதாங்குர பல்லவேச்சுர கிருகம்’ என வழங்கப்பெற்றது. சுவரில் கங்காதரர் சிற்பம். விரைந்திறங்கும் கங்கையைச் சிவபெருமான் தம் சடையில் தாங்கும் கோலத்தைக் காணக் கண் கோடி வேண்டும்.

இக்குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு கூறும் செய்தி சுவையானது. ‘நிலத்தில் ஒரு கோயிலில் இருந்தபடி சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் காண்பது எவ்வாறு?’ என்று சிவபெருமான் வினவியதாகவும், அதற்காகவே மன்னன் இம்மலைமீது அவருக்கு உயர்ந்த இல்லம் அமைத்ததாகவும் அக்கல்வெட்டு குறிக்கிறது. உச்சியிலிருந்து ஊரையும் ஆற்றையும் காணும் ஆசை மனிதருக்கு மட்டும் உரியதன்று. இறைவனும் விரும்பிய காட்சி அது என்று பல்லவன் கருதினான் போலும்!

உச்சிப் பிள்ளையார்

இதற்குமேல் படிகள் திறந்த வெளியில், பாறையின்மீதே செல்கின்றன. பகலில் பாறை சுடும். மாலையில் காற்று தாலாட்டும். 273 அடி உயர மலையின் உச்சியில், சிறிய கோயிலில் வீற்றிருக்கிறார் பிள்ளையார்.

அயோத்தியில் ஸ்ரீராமபிரானிடம் திருவரங்கநாதர் விக்கிரகத்தைப் பெற்ற விபீஷணன், வழியில் எங்கும் தரையில் வைக்கக் கூடாது என்ற நியமத்தோடு இலங்கைக்குப் புறப்பட்டான். காவிரிக் கரையில் நித்திய கர்மங்களைச் செய்ய விரும்பி, அங்கு நின்ற சிறுவன் கையில் விக்கிரகத்தைக் கொடுத்தான். சிறுவனாக வந்த பிள்ளையார் அதைத் தரையில் வைத்துவிட, அரங்கன் அங்கேயே நிலைபெற்றார். சினந்த விபீஷணன் துரத்தியபோது சிறுவன் ஓடி ஏறிய இடம் இந்த உச்சி. எட்டிப்பிடித்து விபீஷணன் குட்டியதன் வடு பிள்ளையாரின் நெற்றியில் இன்றும் உள்ளது என்பது ஐதீகம். காவிரி நாட்டுக்கு அரங்கனைத் தந்தவர், அதற்காகக் குட்டுப்பட்டவர் என்ற உரிமையோடு பக்தர்கள் அவரைக் கண்டு மகிழ்கின்றனர்.

சந்நிதியை வலம் வந்தால் நகரம் முழுவதும் காலடியில் விரிகிறது. வடக்கே, முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும். இடையே தீவாகத் திருவரங்கம். தென்னஞ்சோலைகளுக்கு மேல், 1987-இல் நிறைவுற்ற 236 அடி உயர இராஜகோபுரம் 13 நிலைகளோடு எழுந்து நிற்கிறது. அருகே திருவானைக்காவின் கோபுரங்கள். மேற்கே உறையூர். தெற்கே வீடுகளும் தெருக்களும். பௌர்ணமி மாலையில், மேற்கே கதிரவன் இறங்கும் வேளையிலேயே கிழக்கே நிலவு எழுவதை இங்கிருந்து காணலாம். மானாவாரி நிலத்திலிருந்து வந்த கண்களுக்கு, அந்தப் பொன்னொளியில் மின்னும் காவிரி ஒன்றே போதும், நெஞ்சு நிறைந்துவிடும்.

மலையை வலம் வருதல்

இறங்கிவந்ததும் வலம் தொடங்குகிறது. மாணிக்க விநாயகரை வணங்கி, மலையை வலக்கைப் பக்கம் கொண்டு நடக்க வேண்டும். என்.எஸ்.பி. சாலையில் தெப்பக்குளம், நந்தி கோயில் தெருவில் நாகநாதர் திருக்கோயில், பின்னர் வடக்கு ஆண்டார் வீதி, கீழ ஆண்டார் வீதி, சின்னக்கடை வீதி எனச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம். சமதளமான தெருக்கள்தாம். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம் ஆகலாம். கடைவீதியின் சந்தடிக்கு நடுவிலும், தெருமுனைகளில் நிமிர்ந்து பார்த்தால் உச்சிப் பிள்ளையார் கோயில் தெரியும்.

படியேற இயலாத முதியோரும் இவ்வலத்தில் கலந்துகொள்ளலாம். “நீங்க ஏறிட்டு வாங்கப்பா, நான் மாணிக்க விநாயகர்கிட்ட உட்கார்ந்திருக்கேன்” என்று பேரப்பிள்ளைகளை வழியனுப்பிய பாட்டி, அவர்கள் கொண்டுவரும் திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, பேத்தியின் கையைப் பற்றி மெல்ல நடக்கத் தொடங்குகிறார். உச்சிக்குச் சென்றவர்களும் செல்லாதவர்களும் இப்போது ஒரே வழியில், ஒரே மலையை வலம் வருகிறார்கள்.

கொழுக்கட்டையில் சரிபாதி பெறும் பிள்ளையார் அடிவாரத்திலும் இருக்கிறார். வர இயலாத தாய்க்குப் பதிலாகத் தாமே தாயாக வந்தவர் நடுமலையில் இருக்கிறார். அப்படியிருக்க, கால் தளர்ந்தவர்கள் தரிசனம் குறைந்ததென்று கலங்க வேண்டியதில்லை. உச்சி நோக்கிக் கைகூப்பினால் போதும். இறங்கிவந்து அருள்வது அவர் வழக்கம்.

பக்தர்கள் கவனத்துக்கு: திருச்சிராப்பள்ளியின் மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்தும், ரயில் சந்திப்பிலிருந்தும் மலைக்கோட்டைக்கு நகரப் பேருந்துகள் உண்டு, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். நடுப்பகலில் தாயுமானவர் சந்நிதி நடை சாத்தப்படும் என்பதால் காலையிலோ மாலையிலோ செல்வது உத்தமம். பாறைப்படிகள் சுடும் வெயில் காலத்தில் முதியோர் மாலை நேரத்தையே தேர்ந்தெடுக்கலாம்.