பேனா நண்பர் கேட்ட கேள்வி

கொல்கத்தாவில் வாழும் வங்க அன்பர் ஒருவர், தில்லிவாசியாகிய எனக்குப் பல்லாண்டுகளாகப் பேனா நண்பர். நேரில் நாங்கள் சந்தித்ததில்லை. கடிதங்களே எங்கள் உறவு. சத்தியேந்திரநாத் போஸைப் பற்றி மூன்று பக்கம் பெருமிதத்துடன் எழுதிய அவர், இறுதியில், "தமிழராகிய தாங்கள் போற்றும் விஞ்ஞானி யார்? இராமன் என்றுதானே எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். இராமன்பால் எனக்கும் பெருமதிப்பு உண்டு. எனினும் நான் எழுதியது சர் கே. எஸ். கிருஷ்ணனைப் பற்றி.

1898-ஆம் ஆண்டு வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், மதுரையிலும் சென்னையிலும் பயின்று, 1920-இல் கல்கத்தா சென்றார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தோற்றுவித்த விஞ்ஞானக் கழகத்தில், இராமனுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். திரவத்திற் புகுந்து சிதறும் ஒளியில் மிகச் சிறிய ஒரு பகுதி நிறம் மாறி வெளிப்படுகிறது என்பதை 1928-இல் அங்கே கண்டறிந்தனர். அவ்வாண்டு மார்ச் 31-இல் 'நேச்சர்' இதழில் வெளியான அறிவிப்பில் இருவர் பெயரும் உள்ளன. 1930-ஆம் ஆண்டின் நோபெல் பரிசோ இராமன் ஒருவருக்கே கிட்டியது.

"பரிசு பெற்றவர் இருக்க, உடனிருந்தவரைப் போற்றுவானேன்?" என்று நண்பர் மறுமடல் விடுத்தார். நான் எழுதிய விடை இது:

"அப்பரிசு அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணன் டாக்காவில், தாங்கள் போற்றும் போஸ் பணிபுரிந்த அதே பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் கை சும்மா இருக்கவில்லை. படிகங்களின் காந்தத் தன்மையை ஆராயத் தொடங்கியிருந்தார். சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்குவார்கள். படிகம் தன் நிலையை விட்டு எளிதில் அசையாது. முறுக்கு ஓர் எல்லையை எட்டியதும் சட்டெனத் திரும்பிவிடும். அவ்வெல்லையை அளந்தால், படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். அதிலிருந்து மூலக்கூறுகள் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் பாங்கினையும் உய்த்துணரலாம். உங்கள் வங்கத்தவரான சாந்திலால் பானர்ஜியும் கிருஷ்ணனும் சேர்ந்து வகுத்த முறை இது."

1933-இல் கிருஷ்ணன் சர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவி ஏற்றுக் கல்கத்தா திரும்பினார். 1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத் சென்றார்; 1947-இல் தில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1961-இல் மறையும்வரை அதனை வளர்த்தார். இத்தனை ஊர்களில் வாழ்ந்தும் தமிழ் இலக்கியச் சுவையை அவர் இழக்கவில்லை. விஞ்ஞானத்தைத் தமிழிலும் எழுதினார்.

வெளியூரில் உழைக்கும் நம்மில் பலர்க்கு இவ்வாழ்வு நெருக்கமானது. குறிப்பு நம்முடையது, கையொப்பம் மற்றொருவருடையது. அந்த வருத்தத்திலேயே ஆண்டுகளைக் கழிப்போரும் உளர். கிருஷ்ணனோ புகழின் பங்கைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்காமல், அடுத்த வினாவைத் தேடிச் சென்றார். நான் அவரைப் போற்றுவது அதனாலேதான்.

தில்லியில் அவ்வாய்வுக்கூடம் அமைந்த சாலைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது. அவ்வழியே பேருந்தில் செல்லும் நம் பிள்ளைகள் பெயர்ப்பலகையைப் படித்து, "இவர் யார்?" என்று கேட்பார்களாயின், வத்திராயிருப்பிலிருந்து நாம் கதையைத் தொடங்கலாம்.