அரை டிகிரி

என் தகப்பனார் காலமாகி முப்பது வருஷங்களுக்குப் பின், அவர் தம் கையால் எழுதி வைத்துப் போன எண்களை யாரோ குறைத்துவிட்டார்கள் என்று அறிந்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், அந்த உத்தியோகத்தோடு வானிலை இலாகாவின் பகுதிநேர அப்சர்வராகவும் 1951 முதல் இருபத்திரண்டு வருஷ காலம் பணியாற்றினார். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உஷ்ணமானிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, தபாலாபீஸுக்கு நடந்து சென்று தந்தி கொடுத்துவிட்டு வீடு திரும்புவதை நித்திய கர்மானுஷ்டானம் போலவே அவர் நடத்தி வந்தார். இலாகாவுக்கு அனுப்பியது போக, தமக்கென்று ஒரு பிரதியும் எழுதி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அந்த நோட்டுப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் என்னிடம் இருக்கின்றன.

பல தேசங்களின் பழைய உஷ்ணக் கணக்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் அயல்நாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து எங்கள் ஊரின் கணக்கை என் பேரன் அச்சிட்டுக் கொடுத்தான். அதில் இரண்டு பட்டியல்கள் இருந்தன: ஒன்று நிலையத்திலிருந்து வந்தபடியே உள்ளது, மற்றது திருத்தப்பட்டது. தகரப் பெட்டியைத் திறந்து மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். முதற் பட்டியல் அப்பாவின் கணக்கோடு ஒத்திருந்தது. இரண்டாவதிலோ, 1963-ஆம் வருஷத்து ஜூலை முதலான எண்கள் மாறாமலிருக்க, அதற்கு முந்திய மாதங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை டிகிரி குறைக்கப்பட்டிருந்தன. பழைய காலத்தைக் குளிர்வித்துக் காட்டினால் புதிய காலம் தானே அதிகமாகக் கொதிப்பதாகத் தோன்றும் என்ற எண்ணம் எழுந்தது. அதை மறைப்பானேன்? சந்தேகத்தோடும் கோபத்தோடும்தான் இந்தத் தேடலில் இறங்கினேன்.

அந்த எண்கள் எத்தகைய கையிலிருந்து பிறந்தவை என்பதைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும். நான்கு கால்களின் மேல் நின்ற, வெள்ளை வர்ணம் பூசிய மரப் பெட்டி. காற்று புகவும் வெயில் புகாமலிருக்கவும் நாற்புறமும் சாய்வான பட்டைகள். கண்ணாடிக் குழாய்களின் மேல் சூரியன் விழாதபடி வடக்கு நோக்கிய கதவு. சிறுவனான என்னைப் பத்தடி தள்ளியே நிறுத்திவிட்டு, கதவைத் திறக்குமுன் அப்பா மூச்சை அடக்கிக்கொள்வார். மனித சரீரத்தின் வெப்பமும் சுவாசமும் பாதரசத்தை அசைத்துவிடும் என்பதனால், கண்ணைப் பாதரசத்தின் மட்டத்துக்கு நேராக வைத்து, முதலில் டிகிரியின் பத்தில் ஒரு பங்கைப் படித்து, பிறகே முழு டிகிரியைப் படிப்பார்; எழுதியபின் மறுபடியும் ஒரு முறை பார்ப்பார். ரப்பரைத் தொட மாட்டார். பிழையாக எழுதிவிட்டால், பிழையும் தெரியும்படி ஒற்றைக் கோடு கிழித்து, அதன் மேல் சரியான எண்ணை எழுதுவார். பக்கத்துக்குப் பக்கம் 'படித்தது' என்று ஒரு பத்தி, 'திருத்தியது' என்று ஒரு பத்தி. ஒவ்வொரு உஷ்ணமானிக்கும் அதன் சொந்தக் குற்றம் இத்தனை என்று சொல்லும் அட்டை ஒன்று கூடவே வரும். அதைப் பார்த்துக் கூட்டியோ கழித்தோதான் இரண்டாவது பத்தியை நிரப்ப வேண்டும்.

திருத்துவது என்ற காரியத்தை அப்பாவே தினந்தோறும் செய்து வந்தார் என்பது, இத்தனை நாளும் அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கோபம் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு சென்னை நுங்கம்பாக்கத்துக்குப் போனேன்.

அங்கே, இன்று வானிலை மையம் உள்ள வளாகத்தில், பதினைந்தடி உயரமுள்ள ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் தொடங்கிய வானாராய்ச்சிக் கூடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் என்பவரைக் கொண்டு கட்டடம் எழுப்பியபோது, நட்சத்திரங்களை அளக்கும் கருவி சிறிதும் அசையாமலிருக்க நாட்டப்பட்ட தூண் அது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் சாசனம் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில்தான் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானசாஸ்திரி 1796 முதல் வானிலைக் குறிப்பு எழுதத் தொடங்கினார்.

நட்சத்திரம் பார்க்க வந்தவருக்கு உஷ்ணமானி எதற்கு? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் என் தேடலில் என்னை மிகவும் நெகிழச் செய்தது. நட்சத்திரத்தின் ஒளி வாயுமண்டலத்தில் நுழையும்போது வளைகிறது. அடிவானத்தில் அந்த வளைவு ஏறக்குறைய அரை டிகிரிக் கோணம் இருப்பதால், சூரியன் உண்மையில் அஸ்தமித்த பின்னும் சிறிது நேரம் நம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. வளைவு எவ்வளவு என்பது காற்றின் உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. ஆகவே, கண்ணால் கண்ட ஸ்தானத்திலிருந்து நட்சத்திரத்தின் மெய்யான ஸ்தானத்தை நிர்ணயிக்க வேண்டுமானால், அந்த க்ஷணத்தில் உஷ்ணமானி காட்டியது என்னவென்று தெரிந்தாக வேண்டும். வானாராய்ச்சிக் கூடத்தில் உஷ்ணத்தின் எண், இன்னொரு எண்ணைத் திருத்தும் பணிவிடைக்கும் உரியதாக இருந்தது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, கோல்டிங்ஹாம் காலத்துச் சென்னைக் காற்றழுத்தக் குறிப்புகளை அறிஞர்கள் சீர்ப்படுத்தி, 1796 முதலான தொடர்க் கணக்காக 2002-இல் வெளியிட்டார்கள்.

பழைய உஷ்ணமானியைத் திருத்தாமல் நம்ப முடியாது என்பதற்குக் கண்ணாடியே சாட்சி. மான்செஸ்டரில் வாழ்ந்த ஜேம்ஸ் ஜூல் என்ற மேதை, ஒரே உஷ்ணமானியை 1844 முதல் 1882 வரை அவ்வப்போது உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குமிழ் மெல்ல மெல்லச் சுருங்கியதால், அதன் பூஜ்யம் அந்த முப்பத்தெட்டு வருஷங்களில் ஏறக்குறைய ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி மேலே ஏறியிருந்தது. பனிக்கட்டி மாறவில்லை, அளந்த கருவிதான் மாறியது. 1875-இல் ஹென்றி பிளான்ஃபோர்டின் தலைமையில் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டபின், ஆதியில் உஷ்ணமானிகளை ஓலைக் கூரை வேய்ந்த திறந்த கொட்டகைகளில் தொங்கவிட்டிருந்தார்கள். பிற்பாடே, அப்பா திறந்து பார்த்தது போன்ற மரப் பெட்டியான ஸ்டீவன்ஸன் பெட்டி வந்தது. கொட்டகை காட்டும் உஷ்ணமும் பெட்டி காட்டும் உஷ்ணமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் தாத்தா காலத்து வெயிலையும் பேரன் காலத்து வெயிலையும் ஒப்பிட்டால், ஒப்பிடுவது வெயிலை அல்ல, ஓலையையும் மரத்தையும்தான்.

இவ்வளவும் அறிந்துகொண்ட பிறகும் எங்கள் ஊரின் அரை டிகிரி மாத்திரம் விளங்கவில்லை. வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் நோட்டுகளையும் பட்டியல்களையும் கொண்டுபோய் வைத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உங்கப்பா தப்பாப் படிச்சார்னு இதுல யாரும் சொல்லலை, சார். உங்க ஊர் ஒரே மாசத்துல அரை டிகிரி குளிர்ந்திருக்கு. சுத்துப்பட்டு ஊர் ஒண்ணுகூடக் குளிரலை. அது வெயில் மாறினதாலே இல்லை. கணக்குப் போடற யந்திரத்துக்கு அவ்வளவுதான் தெரியும். பெட்டிக்கு அந்த மாசம் என்ன ஆச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

அங்கேயே 1963 ஜூலைத் தாளைப் புரட்டினேன். எண்களையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதுவரை படிக்காமல் விட்ட அடிக்குறிப்பு ஒன்று, மங்கிய பென்சில் எழுத்தில் இருந்தது: தாலுகா கச்சேரி முற்றத்தில் புதுக் கட்டடம் வரப் போவதால், பெட்டி இன்று பள்ளி மைதானத்துக்கு மாற்றப்பட்டது.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். கச்சேரியில் சேவகம் செய்த முதியவர் ஒருவர், தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஞாபகம் தெளிவாக உள்ளவர், என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று இடத்தைக் காட்டினார். கல் பாவிய முற்றம். அதை ஒட்டிப் பழைய கிளைச் சிறையின் கனத்த சுவர். "வாத்தியாரய்யா பெட்டி இங்கேதான் தம்பி நின்னுச்சு. இந்தச் சுவத்துல பொழுது சாஞ்ச பெறகும் முதுகைச் சாய்க்க முடியாது, அப்படிச் சுடும்" என்றார். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் இரவெல்லாம் அதைக் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது. வீடு திரும்பி நோட்டைப் பார்த்தேன். பெட்டி மாறியபின் பகலின் உச்ச உஷ்ணம் சிறிதே இறங்கியிருக்க, விடியற்காலையின் குறைந்தபட்ச உஷ்ணம்தான் வெகுவாக இறங்கியிருந்தது. அப்பா படித்த எண்களில் பிழை இல்லை. ஆனால் முதல் பன்னிரண்டு வருஷங்கள் அவை ஊரின் காற்றோடு சிறைச் சுவரையும் சேர்த்தே சொல்லி வந்தன. தந்தியிலும் பட்டியலிலும் எண்கள் மட்டுமே பிரயாணம் செய்தன. அடிக்குறிப்போ தகரப் பெட்டியில் தங்கிவிட்டது. கடல் கடந்த யந்திரம், அந்தச் சுவரைப் பற்றி ஒன்றும் அறியாமலே, அண்டை ஊர்களை வைத்து அதைக் கண்டுபிடித்துக் கழித்திருக்கிறது.

பழமையைக் குளிர்வித்து உலகை அச்சுறுத்துகிறார்கள் என்ற என் சந்தேகத்துக்கும், வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அவரே சமாதானம் சொன்னார். முற்காலக் கப்பல்களில் கடல் நீரைக் கித்தான் வாளியில் மொண்டு அளந்தார்கள். மேலே வருவதற்குள் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். ஆகவே பழைய கடல் உஷ்ணத்தைத் திருத்தும்போது கூட்ட வேண்டியிருக்கிறது. பூமியின் பெரும்பரப்பு கடலாகையால், எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் உலகம் முழுவதன் வெப்ப உயர்வு, திருத்தாத கணக்கு காட்டுவதைக் காட்டிலும் சற்றுக் குறைவாகவே வருகிறது.

திருத்தம் நியாயமானது என்று நான் ஒப்புக்கொள்வது, மூலப் பட்டியலும் பக்கத்திலேயே அழிக்கப்படாமல் இருக்கிறது என்பதனால்தான். அப்பா கிழித்த ஒற்றைக் கோட்டின் தர்மமும் அதுதான். மூலத்தை அழித்துவிட்டுத் திருத்தியதை மாத்திரம் வைத்திருந்தார்களானால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் நான் அதை மன்னித்திருக்க மாட்டேன்.

தேயிலைத் தோட்டங்களிலும், மிஷன் பள்ளிகளிலும், பழைய ஜமீன் மாளிகைகளிலும், என் தகப்பனாரைப் போன்ற அப்சர்வர்களின் வீடுகளிலும் மழைக்கணக்கும் உஷ்ணக்கணக்கும் எழுதிய நோட்டுகள் இன்னும் எத்தனையோ கிடக்கக்கூடும். எண்கள் இலாகாவில் இருக்கின்றனவே என்று எண்ணி அவற்றைப் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தாளையும் அடிக்குறிப்போடு படமெடுத்து, அருகிலுள்ள வானிலை மையத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். என்னிடமுள்ள நோட்டுகளை நான் படமெடுக்கத் தொடங்கிவிட்டேன். 1957 வரை முடிந்திருக்கிறது.